மிஸ்டரி ஷாப்பிங் வேலை: கைச்செலவுக்கு ஆகும், குடும்பச் செலவுக்கு ஆகாது

கடைக்குச் சாதாரண வாடிக்கையாளர் போலப் போய், வாங்கி, விசாரித்து, சாப்பிட்டுவிட்டு வந்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தால், கடை முதலாளிக்காகச் சேவையைச் சோதிக்கும் நிறுவனங்கள் பணம் தருகின்றன. மிஸ்டரி ஷாப்பிங் என்பது அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு ஓசிச் சாப்பாடும் சம்பளமும் சேர்ந்து வருவது போலத் தோன்றும். உண்மையில் இது ரிப்போர்ட் எழுதுகிற வேலை. கடைக்குள் இருபது நிமிடம் இருந்தால், வீட்டில் உட்கார்ந்து எழுதவும் போட்டோ ஏற்றவும் ஒரு மணி நேரம் ஆகும். எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது. பொறுமை இருந்தால், மாதத்தில் ஒன்றிரண்டு வெளிச்சாப்பாட்டுச் செலவையும் மொபைல் பில்லையும் இதில் சமாளிக்கலாம்.

முதலில் பணக் கணக்கு. இந்தியாவில் ஒரு விசிட்டுக்குக் கட்டணம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். போனில் மட்டும் விசாரிக்கும் வேலைக்கு இன்னும் குறைவு. கார் ஷோரூம், ஹோட்டலில் தங்குவது போன்றவற்றுக்குக் கூடுதல். கட்டணம் தனி, வாங்கிய பொருளுக்கான ரீஇம்பர்ஸ்மென்ட் தனி. சில வேலைகளில் ரீஇம்பர்ஸ்மென்ட் மட்டுமே உண்டு, கட்டணமே கிடையாது. எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஓர் உதாரணம்: பர்கர் கடை விசிட், கட்டணம் 200 ரூபாய், சாப்பாட்டுக்கு உச்சவரம்பு 400. கட்டாயம் வாங்க வேண்டியவற்றை வாங்கினால் பில் 420 வருகிறது. 20 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். பெட்ரோல், பார்க்கிங் 80 என்று வையுங்கள். போய்வர, சாப்பிட, எழுத இரண்டரை மணி நேரம். மிச்சம் 100 ரூபாயும் ஒரு சாப்பாடும். போக்குவரத்துச் செலவைப் பெரும்பாலும் யாரும் தருவதில்லை. அதனால் ஒற்றை விசிட்டுக்காகத் தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் வரை போவது நஷ்டம். வேளச்சேரி பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி, கோவை புரூக்ஃபீல்ட்ஸ் போல ஒரே மாலில் இரண்டு மூன்று வேலைகள் சேர்ந்து வரும்போது எடுத்தால் கணக்கு தேறும். ஆபீஸ் போகும் வழியில் இருக்கிற கடையும் தேறும்.

மாதா மாதம் ஒரே தொகை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிளைக்குப் போனவரையே திரும்பத் திரும்ப அனுப்ப மாட்டார்கள். ஊழியர்கள் முகத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் இடைவெளி விடுவார்கள், பல இடங்களில் அது மாதக் கணக்கில் இருக்கும். சென்னை, கோவை போன்ற ஊர்களில் கிளைகள் அதிகம், வேலையும் வரும். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு எப்போதாவது ஒன்று கிடைக்கும். ஆனால் அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் பேரம் பேச இடம் உண்டு. மாதக் கடைசி வாரத்தில் முடிக்காத விசிட்டுகள் தேங்கி நிற்கும்போது, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலர்களே கூப்பிட்டு போனஸ் சேர்த்துத் தருவார்கள். பழகியவர்கள் அந்த வாரத்தைக் காலியாக வைத்திருப்பார்கள்.

பதிவு செய்வது எளிது. பேர் இன்டர்நேஷனல் (BARE International) 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், இந்தியாவிலும் வேலை தருகிறது. ஃப்ளோர்வாக், ரெட்குவாண்டா போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் வேலை போதாது, நான்கைந்தில் பதிவு செய்து வையுங்கள். முகவரி, வயது, வாகனம் உண்டா, என்ன போன், எந்த மொழிகள் தெரியும் என்று கேட்பார்கள். பணம் போட வங்கிக் கணக்கும் வரிக்காக பான் எண்ணும் வேண்டும். நீங்கள் அவர்களுடைய ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்று ஓர் ஒப்பந்தத்தில் சம்மதம் வாங்குவார்கள். பிஎஃப், விடுப்பு எதுவும் கிடையாது. புரொஃபைலை அரைகுறையாக விட்டால் நல்ல வேலைகள் உங்கள் கண்ணிலேயே படாது. கார் ஷோரூம் விசிட்டுக்கு ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களைத்தான் சிஸ்டம் வடிகட்டி எடுக்கும்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. இதில் விதிவிலக்கே இல்லை. இங்கே அதிகம் நடப்பது வாட்ஸ்அப், டெலிகிராம் வழி வருவது. கூகுள் மேப்பில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் 50 ரூபாய் என்பார்கள். முதலில் நூறு, இருநூறு நிஜமாகவே கணக்கில் வரும். நம்பிக்கை வந்ததும் 'ப்ரீபெய்ட் டாஸ்க்' என்று ஆயிரம் கட்டச் சொல்வார்கள், பிறகு ஐயாயிரம், பிறகு கட்டியதைத் திரும்ப எடுக்க வரி என்று இன்னும் கொஞ்சம். உண்மையான மிஸ்டரி ஷாப்பிங்கில் பொதுவெளியில் ரேட்டிங் போடச் சொல்லவே மாட்டார்கள். ரிப்போர்ட் ரகசியம், வெளியே எழுதக் கூடாது என்றுதான் ஒப்பந்தமே இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி மோசடியைத் தவிர்த்துவிடலாம்.

அமெரிக்காவில் படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளிடம் இன்னொரு வகை வருகிறது. இரண்டாயிரம் டாலருக்கு ஒரு செக் தபாலில் வரும். கணக்கில் போட்டு உங்கள் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, மீதிக்கு கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்புங்கள், அந்தக் கடையைத்தான் மதிப்பிடுகிறீர்கள் என்பார்கள். செக் உண்மையில் பாஸ் ஆவதற்கு முன்பே வங்கி அந்தப் பணத்தை எடுக்க விட்டுவிடும். சில நாள் அல்லது சில வாரம் கழித்து செக் போலி என்று தெரியும்போது முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும். இந்தியாவில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிக்கொண்டே போகும்.

இனி கடைக்குள் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். துரித உணவுக் கடையைத்தான் புதியவர்களுக்கு முதலில் தருவார்கள். வழிகாட்டிக் குறிப்பு பக்கம் பக்கமாக இருக்கும். முந்தின இரவே கேள்விகளையும் சேர்த்துப் படித்துவிட வேண்டும். எந்த நேரத்துக்குள் போக வேண்டும், எந்தப் பொருள் கட்டாயம், எத்தனை போட்டோ, இந்த மூன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும். மதியம் 12.30 முதல் 2.30 வரை என்று போட்டிருந்தால், பில்லில் 2.34 என்று இருந்தாலே விசிட் செல்லாது.

கதவைத் திறக்கும்போதே போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். மெசேஜ் பார்ப்பது போலக் கையில் வைத்துக்கொண்டு லேப் பட்டனை மட்டும் அழுத்தினால் போதும்: வரிசையில் நின்றபோது ஒன்று, கவுன்ட்டரில் முதல் வார்த்தை பேசியபோது ஒன்று, பணம் கட்டி முடித்தபோது ஒன்று, தட்டு கைக்கு வந்தபோது ஒன்று. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், எத்தனை கவுன்ட்டர் திறந்திருந்தது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஃப்ரைஸ் வேண்டுமா, பெரிய சைஸ் எடுக்கிறீர்களா என்று அவர்களாகக் கேட்டார்களா என்பது கட்டாயம் வரும் கேள்வி. அதனால் நீங்களே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள். சாப்பாட்டைத் தொடுவதற்கு முன் மேலிருந்து ஒரு போட்டோ, பில் முழுவதும் தெரிய இன்னொன்று. குறிப்பு எழுத வேண்டுமானால் கழிவறைதான் நல்ல இடம். சோப்பு இருக்கிறதா, கை துடைக்க வசதி உண்டா, சுத்தம் செய்த நேரம் எழுதும் அட்டையில் கடைசிக் கையெழுத்து எத்தனை மணிக்கு என்று எப்படியும் பார்க்கத்தானே வேண்டும். பேப்பரும் பேனாவுமாக மேஜையில் உட்கார்ந்தால் மேனேஜர் தானாக வந்து நிற்பார்.

தவறான கிளைக்குப் போவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. தி.நகர் உஸ்மான் சாலை போன்ற இடத்தில் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்திலேயே கடைகள் இருக்கும். பெயரைப் பார்த்து நுழையாமல் முகவரியையும் கிளை எண்ணையும் ஒத்துப்பார்க்க வேண்டும். தவறான கிளை என்றால் கட்டணமும் கிடைக்காது, சாப்பிட்ட காசும் கிடைக்காது.

நகைக்கடை விசிட் கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு. ஒரு பவுனில் செயின் பார்க்க வந்தேன் என்பது போல ஒரு வேடம் தருவார்கள். உட்காரச் சொன்னார்களா, யாருக்கு, எந்த விசேஷத்துக்கு என்று கேட்டார்களா, எத்தனை மாடல் எடுத்துக் காட்டினார்கள் என்று கவனிக்க வேண்டும். செய்கூலியையும் சேதாரத்தையும் கேட்காமலே விளக்கினார்களா, 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் சொன்னார்களா என்பது முக்கியம். ஹால்மார்க் முத்திரையோடு, எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கம் கொண்ட எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண்) குறியைக் காட்டினார்களா என்பதும் கேள்வியில் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறி கட்டாயம் ஆகிவிட்டது. எஸ்டிமேட் சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவே சாட்சி. 'அம்மாவைக் கூட்டிட்டு வந்து பார்த்துட்டு எடுக்கிறோம்' என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சனி, ஞாயிறிலும் முகூர்த்த நாளிலும் போகாதீர்கள். அந்த விற்பனையாளர் உங்களுக்குச் செலவிடும் அரை மணி நேரத்தில் நிஜமான வாடிக்கையாளர் ஒருவரை இழக்கக்கூடும். நகைச்சீட்டில் சேர்க்கிறோம் என்று போன் நம்பர் கேட்பார்கள். இதற்கென்று ஒரு தனி சிம் வைத்திருப்பது நல்லது. கார் ஷோரூமிலும் அந்த சிம் உதவும். டெஸ்ட் டிரைவ் முடிந்த பிறகு எத்தனை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார்கள் என்பதும் அங்கே மதிப்பெண்.

வங்கி விசிட்டில் ஃபிக்சட் டெபாசிட் போட வந்ததாகச் சொல்வீர்கள். டெபாசிட்டை விட்டுவிட்டு யூலிப் பாலிசியை (பங்குச்சந்தை முதலீடும் சேர்ந்த காப்பீடு) தள்ளிவிடுகிறார்களா என்பதே அங்கே பார்க்க வேண்டியது. அதில் 5 ஆண்டு லாக்-இன் உண்டு, பிடிக்காவிட்டால் 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைச் சொன்னார்களா, அல்லது டெபாசிட் மாதிரிதான் என்று சொல்லி முடித்துவிட்டார்களா? அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே நினைவில் வைக்க வேண்டும். ஆதார் நகல், கையெழுத்து, ஓடிபி எதையும் தராதீர்கள். 'சும்மா என்ட்ரி போட்டு வைக்கிறேன் சார்' என்று கேட்டாலும் தர வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட வேண்டும். பல நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் கேட்கும், சில அன்றிரவே கேட்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அலங்கார நடை தேவையில்லை. 'ஊழியர் நன்றாகப் பேசினார், சர்வீஸ் சூப்பர்' என்றால், ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் எடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார். 'நான் கவுன்ட்டருக்கு வந்ததும் தலை நிமிர்ந்து வணக்கம் சொன்னார், ஆர்டரைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தார், மீதிச் சில்லறையைக் கையில் எண்ணிக் கொடுத்தார்' என்பது செல்லும். பெயர் அட்டை இருந்ததா என்ற கேள்விக்கு ஆம் என்று டிக் அடித்துவிட்டு, கீழே பெயர் தெரியவில்லை என்று எழுதினால் அது முரண். காத்திருந்த நேரங்களையெல்லாம் 5, 10, 15 நிமிடம் என்று உருண்டையாகப் போட்டாலும் சந்தேகப்படுவார்கள். நிமிடமும் விநாடியுமாகப் போடுங்கள். போகாமலே எழுதலாம் என்று நினைப்பவர்களை பில், போட்டோவின் நேரம், இடக்குறிப்பு மூன்றும் காட்டிக் கொடுத்துவிடும். ஒருமுறை பிடிபட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்.

இந்த ரிப்போர்ட்டை வாசிக்கிறவர் கடை முதலாளி என்றாலும், அதன் பலன் கவுன்ட்டரில் நிற்கிற பையனுக்கோ பெண்ணுக்கோ போய்ச் சேர்கிறது. பல இடங்களில் கிளையின் மதிப்பெண்ணோடு ஊக்கத்தொகையும் கட்டப்பட்டிருக்கும். சிரித்தாரா என்று கவனிக்காமல் விட்டிருந்தால், கவனிக்கவில்லை என்றே எழுத வேண்டும். ஊகித்து 'இல்லை' போடுவது ஒருவருடைய காசைப் பிடுங்குவது. தாமதம் ஆகியிருந்தால் வரிசையில் பதினாறு பேர், இரண்டு கவுன்ட்டர்தான் திறந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது நியாயமான ரிப்போர்ட். குறை ஆளிடமா, ஆள் போடாத நிர்வாகத்திடமா என்று படிப்பவருக்குப் புரியும். பெயர் அட்டை இல்லாதவரை அடையாளம் சொல்ல உயரம், முடி, கண்ணாடி, சீருடை நிறம் போதும். தோல் நிறம், பருமன், நெற்றிக் குறி எதுவும் வேண்டாம்.

பணம் வர 30 முதல் 60 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் அது ஓடத் தொடங்கும், கடைக்குப் போன நாளிலிருந்து அல்ல. ரீஇம்பர்ஸ்மென்ட்டும் அதோடுதான் வரும். ஆகவே ஒரே நேரத்தில் உங்கள் கைக்காசு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதி வாருங்கள்: அசைன்மென்ட் எண், போன தேதி, ரிப்போர்ட் ஏற்கப்பட்ட தேதி, செலவழித்தது, வர வேண்டியது, வந்தது. தேதி தாண்டினால் அசைன்மென்ட் எண்ணைக் குறிப்பிட்டு மெயில் போடுங்கள், எண் இல்லாத மெயிலுக்குப் பதில் வர நாளாகும். டிடிஎஸ் பிடித்திருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் தெரிகிறதா என்று பார்த்து, ரிட்டர்னில் இந்த வருமானத்தைக் காட்டுங்கள். அசல் பில்லைப் பணம் கைக்கு வரும்வரை தூக்கிப் போடாதீர்கள். அது தெர்மல் காகிதம், வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்தால் கறுத்துவிடும், செலோடேப் ஒட்டினால் எழுத்து மறைந்துவிடும். ஒரு பழைய நோட்டுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துவிடுங்கள்.