அப்புச்சியின் பத்மினிக்கு ஒரு நார்டி ஸ்டியரிங்

கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறை. நான் கொண்டுபோன ஸ்டியரிங்கை வெர்னியரை வைத்து அளந்துவிட்டு லேத்காரர் சொன்னது ஒரே எண்தான்: "எழுவதுங்க டீச்சர்."

விஷயம் முடிந்தது. நார்டி என்ற இத்தாலிய ஸ்டியரிங்கின் நடுவில் ஆறு போல்ட் ஓட்டைகள் இருக்கும். அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 74 மி.மீ. மோமோ என்ற இன்னொரு இத்தாலிய ஸ்டியரிங்குக்குத்தான் 70. நான் ஆன்லைனில் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கியது, நார்டி என்று கையெழுத்தைப் பொறித்து மோமோ அளவில் ஓட்டை போட்ட ஏதோ ஒன்று. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவள் நான். ஒழுங்கு அறுகோணத்தின் பக்கமும் அதைச் சுற்றிய வட்டத்தின் ஆரமும் சமம் என்று வருஷம் தவறாமல் போர்டில் எழுதுகிறேன். அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு நடுவே 37 வருகிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் பார்சல் வந்த அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்கான கெடுவும் தாண்டிவிட்டது.

வண்டி அப்புச்சியுடையது, அம்மாவின் அப்பா. 1978 பிரீமியர் பத்மினி, பொள்ளாச்சி தோப்புச் சாளையில் நின்றது, அம்மிச்சி போன பிறகு என்னிடம் வந்தது. நான் ஓட்டப் பழகியதும் அதில்தான். ஸ்டியரிங்கின் பிளாஸ்டிக் வெயிலில் வெடித்து, அப்புச்சி எம்சீல் வைத்து அடைத்து, மேலே நூல் கயிறு சுற்றியிருந்தார். கயிறு பிரிந்ததும் விரிசல் உள்ளங்கையைக் கிள்ள ஆரம்பித்தது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றுவதென்றால் டவுன்ஹால் பக்கம் போய் எதையாவது வாங்கி மாட்டியிருக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். நார்டிதான் வேண்டும் என்று நான் நின்றதற்கு ஒரு கதை காரணம்.

1939-இல் என்ஸோ ஃபெராரி ஆல்ஃபா ரோமியோ கார் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். நான்கு வருஷத்துக்குத் தன் பெயரில் பந்தயக் கார் விடக்கூடாது என்று ஒப்பந்தம். அதனால் வேறு பெயரில் கம்பெனி வைத்து, 815 என்று இரண்டே இரண்டு கார்கள் செய்தார். எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது அன்றைய ஃபியட் 1100-இன் பாகங்களை. அந்த வேலையில் கூட இருந்தவர்களில் ஒருவர் என்ரிக்கோ நார்டி. போலோன்யாவில் பிறந்தவர், லான்சியா கார் கம்பெனியில் இருந்து வந்தவர், இன்ஜினியரும் ஓட்டுநரும் அவரே. 1940 மில்லே மில்யா பந்தயத்தில் அந்தக் கார்களில் ஒன்றில் துணை ஓட்டுநராகவும் உட்கார்ந்தார். இரண்டு வண்டியுமே முடிவுக்கோட்டைத் தொடவில்லை, அது வேறு கதை.

பத்மினி யார் வீட்டுப் பிள்ளை? 1964-இல் பம்பாயில் பிரீமியர் கம்பெனி ஃபியட் 1100 டிலைட் என்று செய்ய ஆரம்பித்த வண்டிதான், எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறியது. முப்பதுகளின் ஃபியட் 1100-க்கும் இன்ஜின் 1089 சிசி, அப்புச்சி வண்டிக்கும் அதே 1089 சிசி. ஃபெராரியின் முதல் காருக்கு உறுப்புக் கொடுத்த குடும்பம். அந்தக் காரில் உட்கார்ந்த மனிதரின் ஸ்டியரிங்கை அதே குடும்பத்தின் கடைசிப் பேத்திக்கு மாட்டுவது எனக்கு ஒரு பொருத்தமாகப் பட்டது. மாட்டிக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதும் சரிதான்.

போருக்குப் பிறகு நார்டி டூரினில் பட்டறை போட்டார். சின்னப் பந்தயக் கார்கள், கார்புரேட்டர் செட்டுகள், லான்சியா ஔரேலியாவின் ஸ்டியரிங் தண்டில் இருந்த கியரைத் தரைக்கு இறக்கும் கிட் என்று பலதும் செய்தார். (பத்மினிக்கும் தண்டில்தான் கியர். நான் இறக்கப் போவதில்லை.) ஆனால் பெயர் நின்றது ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்ய ஆரம்பித்த மர ஸ்டியரிங்கால். அதுவரை பெரும்பாலும் பேக்கலைட், கெட்டி பிளாஸ்டிக். வெயிலுக்கும் குளிருக்கும் வெடிக்கும். நார்டியின் வழி எளிமை: ஒரே அலுமினியத் தகட்டில் மூன்று ஆரக்கால், ஓரத்தில் இருபுறமும் மரத்தை ஒட்டி, ஊடே ரிவெட் அடித்து, இழைத்து, வார்னிஷ். எடை குறைவு, கைக்கு மெலிசு. ஃபெராரி 250 வரிசையில் பல கார்களில் இதுதான் இருந்தது. 1966-இல் நார்டி இறந்துவிட்டார், ஸ்டியரிங் செய்வது நிற்கவில்லை.

பந்தயத்தில் மரத்தின் காலம் நீளவில்லை. விபத்தில் மரம் சிம்பு சிம்பாகப் பிளக்கும். ஜான்பியேரோ மொரெட்டி என்ற பந்தய ஓட்டுநர் தன் காருக்காகத் தடித்த பிடியோடு ஒரு ஸ்டியரிங் செய்துகொண்டார். அதைப் பார்த்து ஃபெராரியின் ஜான் சர்ட்டீஸும் கேட்டு வாங்கினார். 1964-இல் சர்ட்டீஸ் உலகச் சாம்பியன். அப்படி எழுந்ததுதான் மோமோ: மொரெட்டி, மொன்சா இரண்டையும் சேர்த்த பெயர். ஓட்ட மட்டும் என்றால் மோமோவின் தோல் வட்டம்தான் புத்திசாலித்தனம். பார்க்கவும் தொடவும் என்றால் நார்டி.

இரண்டாம் முறை ஏமாறாமல், இத்தாலியிலிருந்தே வரவழைத்தேன். 360 மி.மீ., மஹாகனி, பளபள ஆரக்கால். கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 45 ஆயிரத்துக்குக் கிட்ட. "அந்தக் காசுக்கு வண்டிக்கே பெயிண்ட் அடிச்சிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். பெட்டியைப் பிரித்து முதலில் ஸ்கேலை வைத்தேன். 37. அப்புறம்தான் மரத்தைத் தொட்டேன். பின்பக்கம் விரல் உட்கார வளைவு வளைவாகக் குடைந்திருக்கிறது. போலியில் அந்த வளைவு பெயருக்குத்தான் இருந்தது.

அதை பத்மினி தண்டில் மாட்ட நடுவில் ஒரு பாஸ், அதாவது இரண்டையும் இணைக்கும் துண்டு, வேண்டும். எனக்குக் கடையில் கிடைக்கவில்லை. பழைய ஸ்டியரிங்கின் நடுப்பகுதியை அறுத்து வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். லேத்காரர் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க டீச்சர், ஸ்டியரிங்குல போயி வெல்டிங்குங்களா? ஒரே தண்டுல கடைஞ்சு தாரேனுங்க." இ.என்.8 இரும்பில் கடைந்து, ஸ்லாட்டிங் மெஷினில் உள்பல் வெட்டி, 74-இல் ஆறு ஓட்டை போட்டு, ஹாரன் ஒயருக்குப் பித்தளை வளையம் வைத்துக் கொடுத்தார். 3,500 ரூபாய். கோயமுத்தூரில் இருப்பதன் சௌகரியம் இது. பம்புக்குக் கடைகிற கை எதையும் கடையும். பழைய பாஸில் இண்டிகேட்டரை அணைக்கும் முளை இருந்ததை நான் காட்ட மறந்ததால், காந்திபுரத்தில் திரும்பியவள் உக்கடம் வரை வலது விளக்கைச் சிமிட்டிக்கொண்டே போனேன். மறுநாள் முளையும் வந்தது.

வால்பாறைக்கு ஓட்டிப் பார்த்தேன். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. பழைய வட்டம் 405 மி.மீ., புதியது 360. திருப்பு விசை அதேதான், ஆரம் குறைந்ததால் கை கொடுக்க வேண்டிய பலம் எட்டில் ஒரு பங்கு கூடும். ஓடும்போது அது தெரியவே இல்லை. முன் சக்கரம் எதன் மேல் ஏறுகிறது என்பது மரத்தின் வழியே விரலுக்கு வந்துவிடுகிறது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தியபோது கை வலிக்கவில்லை, அணையைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் திருப்பினால்தான் எட்டில் ஒரு பங்கு என்னவென்று தோளுக்குத் தெரிகிறது. ஆர்.எஸ்.புரத்தில் பார்க்கிங் போடுவது தண்டால் எடுப்பது போல. பவர் ஸ்டியரிங் இல்லாத பத்மினிக்கோ அம்பாசடருக்கோ வாங்குகிறவர்கள் 390 எடுங்கள். 360 என் ஆசை, என் தப்பு.

பளபள ஆரக்காலும் என் தப்புதான். மதியம் பல்லடம் ரோட்டில் சூரியன் கண்ணில் அடிக்கிறது. மங்கல் ஆரக்காலும் கறுப்பும் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். வார்னிஷ் போட்ட மரம் வியர்வைக் கையில் வழுக்கும். சித்திரையில் மடியில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன், அப்புச்சியும் அப்படித்தான் ஓட்டுவார். ஏர்பேக் இருக்கும் வண்டியில் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

போலியை என்ன செய்வது என்று தெரியாமல் பரண்மேல் போட்டிருந்தேன். போன மாதம் அக்கா பையன் ஈரோட்டிலிருந்து வந்தான். கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட மேசையில் ஒரு செட் மாட்டி வைத்திருக்கிறானாம். எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, இதுல ஓட்டை எழுவதா?" என்றான். அவன் செட்டுக்கு எழுபதுதான் வேண்டுமாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனான்.