ஒரு மூலை, மூன்று பதில்: சின்ன வீட்டுக்கு எந்த ஃபெங் சுயி?

சிங்கப்பூரில் ஈரறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்று. வாசல் கிழக்குப் பார்த்தது. நுழைந்ததும் இடக்கைப் பக்கக் கடைக்கோடி மூலை தென்மேற்கு. அங்கே எதை வைப்பது? சீனர்களின் வாஸ்து போன்ற ஃபெங் சுயியிலேயே முறைக்கு ஒரு பதில்.

லோபான் என்னும் வட்டத் திசைகாட்டியோடு வருபவர், அது தாம்பத்தியத்துக்கான மூலை என்பார். தாமஸ் லின் யுன் அமெரிக்காவில் பரப்பிய கறுப்புத் தொப்பி முறைக்காரர் திசையையே பார்ப்பதில்லை. வாசலிலிருந்து இடது கடைக்கோடி என்றால் அவருக்கு அது செல்வ மூலை. நம் வீட்டுப் பெரியவர்களோ, "கன்னி மூலையில் பீரோவை வை" என்பார்கள். பணம் பீரோவுக்குள்தானே இருக்கிறது என்று கடைசி இரு தரப்பையும் சமாதானப்படுத்திவிடலாம்.

லோபான்காரர்தான் கறார். வட்டத்தை 24 பங்காக்குகிறார். பங்குக்கு 15 பாகை. போதாததற்கு, திசையோடு காலத்தையும் சேர்த்துப் பலன் பார்க்கும் பறக்கும் நட்சத்திரக் கணக்கில் 20 ஆண்டுக்கு ஒரு காலம் மாறுகிறது. இப்போதைய ஒன்பதாம் காலம் 2024-இல் தொடங்கியது. சுவரெல்லாம் இரும்புக் கம்பி இருக்கும் அடுக்குமாடியில் இவ்வளவு துல்லியமாகத் திசை பார்ப்பது சங்கடம். கைப்பேசித் திசைகாட்டியை ஃபிரிட்ஜ் அருகிலும் பிறகு ஜன்னலோரத்திலும் வைத்துப் பாருங்கள், முள் இடம் மாறும். வீடு பார்க்கப் போகும்போது இந்த முறை உதவலாம். குடியேறிய பின் வாசலைத் திருப்பவா முடியும்?

கறுப்புத் தொப்பி முறை வாடகைக்கு இருப்போருக்கு வசதி. செல்வ மூலையில் கழிப்பறை வந்துவிட்டால்கூட, மூடியை மூடு, கதவைச் சாத்து என்பதோடு முடிந்துவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதே எனக்குச் சந்தேகம்.

என் ஓட்டு பழைய வடிவ முறைக்கு. முதுகுக்கு மலை, முகத்துக்கு நீர் என்று இடம் தேர்ந்த முறை அது. படுக்கையறையில் மலை என்பது தலைமாட்டுச் சுவர். படுத்தபடியே கதவு தெரிய வேண்டும். ஆனால் கால் நேராகக் கதவை நோக்கக் கூடாது, பிணத்தை அப்படித்தான் வெளியே கொண்டுபோவார்கள் என்பது சீனர் நம்பிக்கை. நம்பாதவருக்கும் இதில் லாபம் உண்டு: வழி அடைபடாது, இரவில் யார் வந்தாலும் தெரியும்.

சிக்கல் கண்ணாடியில். மூன்று மீட்டர் அறையில் கட்டிலைச் சரியாகத் திருப்பினால், அலமாரிக் கதவின் ஆளுயரக் கண்ணாடி நேரே படுக்கையைப் பார்க்கிறது. அதுவும் ஆகாதாம். பழைய பருத்திப் புடவை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டால் போதும். காலையில் தலைவாரும்போது ஒதுக்கிக்கொள்ளலாம்.