ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. மதிப்பீடு: எதற்குக் கட்டணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பத்து நிமிடத்தில் முடிகிற ஆன்லைன் கேள்வித்தாளுக்கும் 'மதிப்பீடு' என்றுதான் பெயர். பல மணி நேரம் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்கிற வேலைக்கும் அதே பெயர்தான். பணம் கட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஆட்டிசத்தையோ, கவனக்குறைவு-மிகையியக்கக் கோளாறான ஏ.டி.எச்.டி.யையோ உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, மூளை ஸ்கேனும் கிடையாது. நமக்குக் கிடைப்பது பயிற்சி பெற்ற ஒருவரின் முடிவு மட்டுமே. எத்தனை பேரிடம் கேட்டு அந்த முடிவுக்கு வந்தார், வேறு எந்தெந்தக் காரணங்களைப் பார்த்து விலக்கினார் என்பதை வைத்துத்தான் இந்தச் சேவையை எடைபோட முடியும்.

முதலில் இலவசக் கேள்வித்தாள்கள். பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.க்கு அதிகம் புழங்குவது ஏ.எஸ்.ஆர்.எஸ். மொத்தம் 18 கேள்விகள். முதல் 6தான் சல்லடை. அந்த ஆறில் நான்கு பதில்கள் நிழலிட்ட கட்டத்தில் விழுந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இதைக் கூட்டும்போது ஒரு தவறு எளிதில் நேரும்: முதல் மூன்று கேள்விகளுக்கு 'சில சமயம்' என்பதே கணக்கில் சேரும், அடுத்த மூன்றுக்கு 'அடிக்கடி' என்றால்தான் சேரும். ஆட்டிசத்துக்கு ஏ.க்யூ.-10, பத்துக்கு 6 வந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட்-ஆர், 20 கேள்விகள். மதிப்பெண் 3 முதல் 7 வரை வந்தால் பெற்றோரிடம் தொடர்கேள்விகள் கேட்ட பிறகே எதையும் சொல்ல வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே மதிப்பீடு. அந்தத் தொடர்கேள்விகளைத் தாண்டிக் குதித்து, 4 வாங்கிய குழந்தையின் பெற்றோரைக் கலங்கடித்து அனுப்பும் இடங்களும் உண்டு. பெரியவர்களின் ஆட்டிசத்துக்கு 80 கேள்விகள் உள்ள ராட்ஸ்-ஆர்; அதில் வெட்டுப்புள்ளி, அதாவது ஆட்டிசம் இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தொடங்கும் மதிப்பெண், 65. மனப்பதற்றமோ மனச்சோர்வோ உள்ளவர்களும் அதைத் தாண்டிவிடுவார்கள். நிபுணர் பக்கத்தில் இருந்து நிரப்பவைக்கும்படிதான் அது உருவாக்கப்பட்டது. நிபுணரைப் பார்க்கப் போகலாமா என்று முடிவுசெய்ய இவை போதும். இவற்றை மட்டும் நிரப்பவைத்துச் சான்றிதழ் நீட்டுகிற சேவைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

உண்மையான வேலை நேர்காணலில்தான் நடக்கிறது. ஏ.டி.எச்.டி.க்கு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 சொல்கிற கணக்கு இது: கவனக்குறைவு அறிகுறிகள் 9, மிகையியக்கமும் அவசரமும் சேர்ந்த அறிகுறிகள் 9. குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் 6, பதினேழு வயதைத் தொட்டவர்களுக்கு 5 இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். டிவா-5 போன்ற கட்டமைத்த நேர்காணலில் ஒவ்வொரு அறிகுறியையும் இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி என்று இரண்டு முறை கேட்பார்கள், எடுத்துக்காட்டோடு. 'மறதி உண்டா?' என்று கேட்டு 'உண்டு' என்றதும் டிக் அடிப்பது நேர்காணல் ஆகாது. 'போன வாரம் எதை மறந்தீர்கள், அதனால் என்ன ஆனது, மறக்காமல் இருக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்' என்று போக வேண்டும். மூன்றாவது கேள்வியைத் தவறவிடக் கூடாது. ஐந்து அலாரம், கதவில் ஒட்டிய சீட்டு, ஞாபகப்படுத்துவதற்கென்றே ஒரு மனைவி என்று முட்டுக்கொடுத்து ஓட்டுகிறவர், 'பெரிய பிரச்சினை ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார்.

சிறுவயதுச் சாட்சியம்தான் பல மதிப்பீடுகள் இடறும் இடம். பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியர் எழுதிய ஒற்றை வரிக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். 'புத்திசாலி, ஆனால் கவனம் சிதறுகிறது' என்று மூன்று வகுப்புகளில் மூன்று ஆசிரியர்கள் எழுதியிருந்தால் அது நல்ல சாட்சி. பெற்றோர் இல்லையென்றால் அண்ணன், அக்கா, சிறுவயது நண்பர் வரலாம். 'அதெல்லாம் ஒன்றுமில்லை, இவன் அப்பாவும் இப்படித்தான் இருந்தார்' என்று அம்மா சொன்னால் அனுபவமுள்ள மருத்துவர் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், குறித்துக்கொள்வார். ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் இரண்டிலும் பரம்பரையின் பங்கு பெரிது.

குழந்தைகளுக்கு வீட்டுப் படிவம் ஒன்று, பள்ளிப் படிவம் ஒன்று. ஏ.டி.எச்.டி.க்கான வாண்டர்பில்ட் படிவத்தில் பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருளில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பும் வீட்டுக் கூடமும் ஒரே குழந்தையிடம் வெவ்வேறு அளவு கவனத்தைக் கேட்கின்றன. ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசி அந்த வேறுபாட்டை விசாரிக்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். படிவத்தைக் கூட்டிப் பார்த்து சராசரி எடுக்கிற இடத்தை விட்டுவிடலாம்.

ஆட்டிசத்துக்கு வந்தால் விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் ஏடாஸ்-2, நேரில் உட்காரவைத்துக் கவனிக்கும் சோதனை. பேச்சுத்திறனும் வயதும் பார்த்து ஐந்து மாட்யூல்களில் (பணித் தொகுப்புகளில்) ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்; 40 முதல் 60 நிமிடம். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டும் அரட்டையுமாகத் தெரியும். துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கச் சொல்லிவிட்டு, தேவையான துண்டுகளில் சிலவற்றை எட்டாத இடத்தில் வைத்திருப்பார் சோதிப்பவர். உருவம் சரியாக வந்ததா என்பது அங்கே கணக்கில்லை. சோதனைக்கு வந்தவர் மீதித் துண்டுகளை எப்படிக் கேட்கிறார், கண்ணைப் பார்க்கிறாரா, கையை நீட்டுகிறாரா, பேசாமல் தானே எழுந்து எடுக்கிறாரா என்பதுதான் கணக்கு. பல் துலக்குவதைச் செய்துகாட்டச் சொல்வது, எழுத்தில்லாத படக்கதையைப் பார்த்துச் சொல்லச் சொல்வது, நட்பையும் தனிமையையும் பற்றிக் கேட்பது எல்லாம் இதே வகை.

நல்ல கருவிதான், ஆனால் பிடிக்கிற கையைப் பொறுத்தது. மதிப்பெண்ணை அமர்வு முடிந்த கையோடு போட வேண்டும். மறுநாள் ஞாபகத்திலிருந்து போட்டால் தரம் போய்விடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு நடத்தினால் முகபாவனை தெரியாது, மதிப்பெண் செல்லாது. வீட்டில் பேசும் மொழி தெரியாதவர் நடத்தினாலும் சந்தேகம்தான். பெரியவர்களுக்கான நான்காம் மாட்யூலில், காலமெல்லாம் பிறரைப் பார்த்துப் பழகி நடித்தே சமாளித்துவந்தவர்கள் தப்பிப்போகலாம். பெண்கள் பலர் இப்படித்தான் விடுபடுகிறார்கள். எதிர்த்திசையிலும் நடக்கும்: கடும் மனப்பதற்றமோ, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் சைக்கோசிஸோ உள்ளவருக்கு மதிப்பெண் ஏறலாம். அதனால் ஏடாஸ் மட்டும் போதாது. பெற்றோரிடம் கேட்கும் ஏ.டி.ஐ.-ஆர்., 93 கேள்விகள், ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம்; அது இல்லாவிட்டாலும் அதற்கு ஈடான வளர்ச்சி வரலாறு வேண்டும். டி.எஸ்.எம்.-5 கேட்பது சமூகத் தொடர்பில் மூன்று அம்சங்களும், திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, ஆழ்ந்த ஈடுபாடு, புலனுணர்வு வேறுபாடு என்ற நான்கில் இரண்டும். ஒலி, துணியின் உரசல், வெளிச்சம் பற்றி ஒரு கேள்வியும் வராமல் அமர்வு முடிந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். முன்கூட்டியே இணையத்தில் ஏடாஸ் பணிகளைப் பார்த்துப் பயிற்சி எடுத்துப் போகாதீர்கள், முடிவு கெடும்.

ஏ.டி.எச்.டி.க்கான கணினிச் சோதனைகள் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். க்யூபி டெஸ்ட்டில் நெற்றியில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை, எதிரே அகச்சிவப்புக் கேமரா. திரையில் உருவம் வரும்போது விதிப்படி பொத்தானை அழுத்த வேண்டும். சிறுவர்களுக்கு 15 நிமிடம், பெரியவர்களுக்கு 20. தலை எவ்வளவு அசைந்தது, எத்தனை தவறவிட்டீர்கள், எத்தனை அவசரப்பட்டு அழுத்தினீர்கள் என்று வரைபடம் வரும். சிக்கல் என்னவென்றால், அமைதியான அறையில், புதிய பொருளோடு, ஒருவர் பக்கத்தில் இருக்க, இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கும் ஏ.டி.எச்.டி.க்காரர்கள் உண்டு. முந்தைய இரவு தூங்காதவர் ஏ.டி.எச்.டி. இல்லாமலே தோற்பார். நேர்காணலோடு சேர்ந்து வந்தால் சரி. தனியாக விற்றால் வேண்டாம். மூளை அலையையோ ஸ்கேனையோ காட்டி 'இதோ பாருங்கள், ஏ.டி.எச்.டி.' என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து, ஒத்த அறிகுறிகளை விலக்கும் வேலை. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் உள்ள பிள்ளைக்குப் பகலில் கவனம் சிதறும். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சில நொடிகள் வெறித்துப் பார்க்கவைக்கும் வலிப்பு வகை எல்லாம் கேள்வியாவது கேட்கப்பட வேண்டும். பேச்சு தாமதமான குழந்தைக்குக் காது பரிசோதனை நடக்காமல் ஆட்டிசம் என்று எழுதினால் அந்த அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். டி.எஸ்.எம்.-4 காலத்தில் ஆட்டிசம் இருந்தால் ஏ.டி.எச்.டி. என்று எழுத முடியாது; 2013இல் அந்தத் தடை நீங்கியது. பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் போகவில்லை.

கடைசியில் கையில் வருவது அறிக்கை. அதில் யாரிடமெல்லாம் பேசினார்கள், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன மதிப்பெண், ஒவ்வொரு நிபந்தனைக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து என்ன எடுத்துக்காட்டு, எதை ஏன் விலக்கினார்கள் என்பது இருக்க வேண்டும். 'வகுப்பில் கூடுதல் ஆதரவு தேவை' என்பது பரிந்துரையே இல்லை. 'தேர்வில் கால் பங்கு கூடுதல் நேரம், தனி அறை, வாய்மொழிக் கட்டளையோடு எழுத்துக் கட்டளையும்' என்று இருந்தால்தான் பள்ளியில் காட்டிப் பேச முடியும். இறுதி செய்வதற்கு முன் வரைவைக் கேட்டு வாங்கி, பிறந்த தேதி, பேசத் தொடங்கிய வயது போன்ற விவரங்களைச் சரிபாருங்கள்.

ஏ.டி.எச்.டி. மருந்து தொடங்குவது பெரும்பாலும் இந்த மதிப்பீட்டுக் கட்டணத்தில் வராது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை, குடும்பத்தில் இதய நோய் வரலாறு பார்த்து, சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டிக் குறைக்கிற வேலை அது. யார் செய்வார்கள் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். 'இல்லை' என்று முடிவு வந்து உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், எந்த நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். 'சிறுவயதுச் சாட்சியம் கிடைக்கவில்லை' என்பது ஒரு பதில், 'அறிகுறி இருக்கிறது, ஆனால் மனச்சோர்வு விளக்கிவிடுகிறது' என்பது வேறு பதில். முதலாவதென்றால் அக்காவை அழைத்துக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். இரண்டாவதென்றால் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பப் போவதுதான் சரி.