தானே நிற்கும் டென்ட்டா, கம்பு ஊன்றும் டென்ட்டா?

முதுகில் சுமக்கப் போகும் டென்ட் என்றதும் எல்லோரும் முதலில் எடையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது, எந்தத் தரையில், எந்த மழையில் அதை விரிக்கப் போகிறீர்கள் என்பதை.

இரண்டு பேர் படுக்கும் மூன்று டென்ட்களை எடுத்துக்கொள்வோம். பிக் ஆக்னஸின் காப்பர் ஸ்பர் தன் அலுமினியக் கம்பிகளிலேயே நிற்கும். எல்லாம் சேர்த்து சுமார் 1.4 கிலோ. டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2 நாம் ஊன்றி நடக்கும் இரண்டு டிரெக்கிங் கம்புகளின் மேல் நிற்கும். எடை ஒரு கிலோவை ஒட்டி. ஸீபேக்ஸ் டூப்ளெக்ஸுக்கும் அதே கம்புகள்தான். ஆனால் அரைக் கிலோ அளவுதான் கனக்கும். கம்பு இல்லாமல் நடப்பவரா நீங்கள்? அப்படியானால் ஒரு ஜோடிக் கம்பின் எடை 400, 500 கிராமையும் கணக்கில் சேருங்கள். காப்பர் ஸ்பரோடு ஒப்பிட்டால் எக்ஸ்-மிட்டில் மிச்சமாகும் எடை அதிலேயே போய்விடும்.

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நிமாலிங் என்ற இடத்தில், சுமார் 4,800 மீட்டர் உயரத்தில், முகாம் போடுவார்கள். இப்படிப்பட்ட உயரங்களில் பல இடங்களில், கயிறு கட்டத் தரையில் அடிக்கும் முளை இரண்டு விரல்கடை இறங்கியதும் கல்லில் முட்டும். காப்பர் ஸ்பர் என்றால் நிறுத்திவிட்டு, உள்ளே பையைப் போட்டு, கயிறுகளை நிதானமாகப் பாறையில் கட்டிக்கொள்ளலாம். கம்பு டென்ட் நிற்பதே கயிற்றின் இறுக்கத்தில்தான். நான்கு மூலையும் பிடித்தாக வேண்டும். காற்றில், விறைத்த விரல்களோடு, கல் தேடி அலைவது பெரிய பாடு.

காஷ்மீர் ஏரிகள் மலையேற்றப் பாதையில் கதை வேறு. ஜூலை, ஆகஸ்டில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். காப்பர் ஸ்பரில் வழக்கமாக நாம் படுக்கும் உள்வலையை முதலில் நிறுத்தி, அப்புறம்தான் மழையைத் தடுக்கும் வெளித்துணியைப் போர்த்த வேண்டும். அதற்குள் படுக்குமிடம் நனைந்துவிடும். அதன் துணி நைலான். ஈரத்தில் தொய்யும், இரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டிவரும். எக்ஸ்-மிட்டில் வெளித்துணியை முதலில் நிறுத்திவிட்டு, அதன் அடியில் உட்கார்ந்து உள்வலையை மாட்டலாம். பாலியஸ்டர் என்பதால் நனைந்தாலும் தொய்வு மிகக் குறைவு. மழைக்கு நடுவே முகாம் போட்டவர்களுக்குத் தெரியும், காய்ந்த தரையில் படுக்கை விரிப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று.

டூப்ளெக்ஸின் துணி டைனீமா என்ற மிக லேசான, உறுதியான இழையால் ஆனது. தண்ணீர் குடிக்காது, தொய்யாது. ஆனால் ஒற்றைச் சுவர், அதாவது உள்ளே இன்னொரு அடுக்கு கிடையாது. நம் மூச்சுக்காற்றின் ஈரம் துணியின் உட்புறத்தில் துளிதுளியாய்க் கோத்து நிற்கும், நகர்ந்தால் ஸ்லீப்பிங் பேகில் ஒட்டும். விலையோ எக்ஸ்-மிட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாதக்கணக்கில் நடப்பவர்களுக்கு அது சரி. வருடம் ஒரு முறை ஒரு வாரம் போகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

லடாக், ஸ்பிதி மட்டும்தான் போவீர்கள் என்றால் காப்பர் ஸ்பர். மழைப் பாதைகளும் உண்டு, கையில் கம்பும் உண்டு என்றால் எக்ஸ்-மிட். ஒரே ஒரு டென்ட் வாங்கச் சொன்னால் நான் வாங்குவதும் அதைத்தான். வாங்கியதும் மொட்டை மாடியில் முளைக்குப் பதில் செங்கல் வைத்து நாலைந்து முறை கட்டிப் பழகுங்கள். கல் தரையில் செய்யப்போவதும் அதே வேலைதான்.