முந்நூறு மீட்டரில் முடியாத கேள்வி: நான்கு டைவ் கடிகாரங்கள்

ஆடம்பர டைவ் கடிகாரம் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது, முகப்பில் எழுதியிருக்கும் ஆழக் கணக்கைத்தான். இது 200 மீட்டர், அது 300 மீட்டர் என்று அவர் மனத்துக்குள் தட்டில் நிறுத்துப் பார்க்கிறார். விற்பவரும் அந்த எண்ணையே முன்னால் எடுத்து வைக்கிறார். ஆனால் பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்குப் பயிற்சி அமைப்புகள் வகுத்திருக்கும் எல்லை 40 மீட்டர். தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டும் பெற்றவருக்கு அது 18 மீட்டர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. தனிப்பயிற்சி பெற்றவர்களே இறங்கவேண்டிய அந்த இடத்துக்குப் போகிறவருக்கும் 200 மீட்டர் கடிகாரம் தாராளமாகப் போதும். டைவ் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம் கேட்பதே குறைந்தது 100 மீட்டர்தான். மாதிரிக்கு ஒன்றிரண்டை எடுத்துச் சோதிப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு கடிகாரத்தையும் எழுதிய ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கவேண்டும் என்றும் அந்தத் தரம் சொல்கிறது. ஆகவே ஆழத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்பதே இந்த ஒப்பீட்டின் நோக்கம்.

எடுத்துக்கொண்டவை நான்கு: 2020-இல் வந்த 41 மி.மீ. ரோலெக்ஸ் சப்மரைனர், அதிலும் தேதியில்லாத வகை. 2018-இல் புதுப்பிக்கப்பட்ட 42 மி.மீ. ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம். 2022-இல் வந்த டியூடர் பெலாகோஸ் 39. பிளாங்பான் ஃபிஃப்டி ஃபாதம்ஸின் 45 மி.மீ. வடிவம். டியூடர் 200 மீட்டருக்கானது, மற்ற மூன்றும் 300 மீட்டருக்கானவை. விலையில் டியூடர் எல்லாவற்றுக்கும் கீழே, அடுத்து ஒமேகா, அதற்கு மேலே ரோலெக்ஸ், உச்சியில் பிளாங்பான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்று கடலுக்குள் இறங்குகிறவர் தம் உயிரை ஒப்படைப்பது டைவ் கம்ப்யூட்டரிடம்தான். ஆழம், நேரம், உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் ஆகியவற்றை நொடிக்கு நொடி கணக்கிட்டுச் சொல்லும் அந்தக் கருவி, இந்த நான்கில் மிக மலிவானதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. அப்படியானால் கடிகாரம் எதற்கு? மின்கலம் தீர்ந்தோ கோளாறு ஏற்பட்டோ கம்ப்யூட்டர் திரை இருண்டுவிட்டால், நிதானமாக மேலேறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, பிறகு மேற்பரப்புக்கு வரவேண்டும். அந்த மூன்று நிமிடத்தை எண்ணித் தருவதற்கும், இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதைச் சொல்வதற்கும் கைவசம் இருக்கும் துணைக் கருவி அது. இந்தப் பணிக்கு எது தகுதியானது என்று கேட்கும்போதுதான் வேறுபாடுகள் வெளிப்படுகின்றன.

முதல் வேறுபாடு, கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழல் வளையமான பெசலில் இருக்கிறது. இறங்கும் கணத்தில் அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிடமுள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டால், கழிந்த நிமிடங்களை வளையத்திலேயே படித்துக்கொள்ளலாம். அது ஒரே திசையில் மட்டும் சுழலும்படி அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: பாறையிலோ கயிற்றிலோ உரசித் தவறுதலாகத் திரும்பினாலும், கழிந்த நேரத்தை உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. இந்தக் கருவியை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் பிளாங்பானின் பங்கு பெரிது. அந்நிறுவனத்தை அப்போது நடத்திய ஜான்-ஜாக் ஃபீஷ்டர் தாமே முக்குளிப்பவர். பிரெஞ்சுப் படையின் முக்குளிப்புப் பிரிவை உருவாக்கிய பாப் மலூபியேவும் குளோத் ரிஃபோவும் கேட்டதும் அவர் தயாரித்துக்கொண்டிருந்ததும் ஒன்றாகச் சேர்ந்தபோது, 1953-இல் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் பிறந்தது. பெயரிலுள்ள ‘ஐம்பது பாகம்’ (பாகம் என்பது ஃபாதம் என்னும் ஆழ அளவு) ஏறத்தாழ 91 மீட்டர். சப்மரைனரும் தன் பிறந்த ஆண்டாக 1953-ஐயே சொல்லிக்கொள்கிறது; எது மூத்தது என்ற வழக்கைச் சேகரிப்பாளர்களிடம் விட்டுவிடலாம்.

நனைந்த விரலால் திருப்பிப் பார்த்தால் சப்மரைனரின் வளையத்துக்கு இணையில்லை. விளிம்பின் பற்கள் விரலுக்குப் பிடி கொடுக்கின்றன. 120 படிகளும் ஒன்றுபோல, ஆட்டமின்றி விழுகின்றன. பெலாகோஸ் 39-இன் வளையமும் பிடிப்பில் குறைந்ததன்று. சீமாஸ்டரில்தான் எனக்கு மனக்குறை. அதன் விளிம்பு அலைபோல வளைந்து வளைந்து செல்வதால் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஈரக் கையால், அதிலும் கையுறை போட்டுக்கொண்டு திருப்ப முயன்றால் வழுக்குகிறது. அலுவலகத்தில் இது ஒரு குறையே அன்று. படகின் விளிம்பில் உட்கார்ந்து இறங்கத் தயாராகும்போது குறைதான்.

அடுத்தது இருளில் படிப்பது. நம் ஊரில் இன்றும் ‘ரேடியம்’ என்றே அழைக்கப்படும் ஒளிர்பூச்சில் இப்போது ரேடியம் இல்லை. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல உமிழும் பொருள்தான் பூசப்படுகிறது. சப்மரைனரிலும் சீமாஸ்டரிலும் வளையத்தின் தொடக்கக் குறி மட்டுமே ஒளிர்கிறது. பெலாகோஸிலும் ஃபிஃப்டி ஃபாதம்ஸிலும் வளையத்தின் அளவுக்கோடுகளும் எண்களும் சேர்ந்து ஒளிர்வதால், கலங்கிய நீரில் கழிந்த நிமிடங்களை ஊகிக்காமல் படிக்கமுடிகிறது. இங்கே ஒமேகாவின் ஒரு நுட்பத்தைப் பாராட்டவேண்டும்: மற்றவை நீலமாக ஒளிர, நிமிடமுள்ளும் வளையத்தின் புள்ளியும் மட்டும் பச்சையாக ஒளிர்கின்றன. நீருக்குள் தேவையானவை அந்த இரண்டும்தான் என்பதை அறிந்த ஒருவர் செய்த வேலை அது. அதே கடிகாரத்தின் முட்கள் நடுவே குடைந்து வெறுமையாக விடப்பட்டிருப்பதால், பகல் வெளிச்சத்தில் முகப்பின் அலைக்கோடுகளுக்கிடையே அவை சற்றுக் கரைந்துபோகின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஃபிஃப்டி ஃபாதம்ஸின் அகன்ற முகத்தைக் கைநீட்டும் தூரத்தில் வைத்தும் படிக்கலாம்; இந்த ஒன்றில் அதை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியவில்லை.

பலரும் எண்ணிப் பார்க்காத உறுப்பு பட்டையின் பூட்டு. குளிர்நீரில் 7 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் அணிகிறவர் கடிகாரத்தை அதன் கைப்பகுதிக்கு மேல் கட்டவேண்டும். ஆழம் கூடக்கூட அந்த உடையின் ரப்பர் நசுங்கி மெலிய, மேலே இறுக்கமாக இருந்த பட்டை கீழே தளர்ந்து ஆடத் தொடங்கும். 42 மி.மீ. பழைய பெலாகோஸில் இதற்கென்றே வில் பொருத்திய பூட்டு இருந்தது. உடை மெலிந்தால் அது தானே சுருங்கிக்கொள்ளும். 39-இல் அது இல்லை. கையால் படிப்படியாக நீட்டிக் குறைக்கும் பூட்டும் வெட்சூட்டுக்கான நீட்டிப்பும் உள்ளன. சப்மரைனரின் பூட்டை 2 மி.மீ. படிகளாக ஏறத்தாழ 20 மி.மீ. வரை எந்தக் கருவியுமின்றி நீட்டலாம். அந்தமான், புதுச்சேரி, திருகோணமலை போன்ற இளஞ்சூட்டு நீரில் மெல்லிய உடையோ வெறுங்கையோதான் என்பதால் நமக்கு இந்த வசதி கடலைவிடக் கரையில்தான் அதிகம் பயன்படும். மே மாத நண்பகலில் மணிக்கட்டு வீங்கும்போது ஒரு படி தளர்த்திக்கொண்டு, மாலையில் மீண்டும் இறுக்கிக்கொள்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வியர்வையோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியும். சீமாஸ்டரின் பூட்டிலும் பொத்தானை அழுத்தி இதைச் செய்யலாம். ஃபிஃப்டி ஃபாதம்ஸ் பெரும்பாலும் பாய்த்துணி வாரில் வருகிறது. உப்புநீரில் நனைந்தால் அது உலர நேரமெடுக்கிறது.

சீமாஸ்டரின் பத்து மணிப் பக்கத்தில் துருத்தி நிற்கும் இரண்டாவது திருகு ஹீலியம் வால்வு. நாள்கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வேலைசெய்யும் தொழில்முறை முக்குளிப்பாளரின் கடிகாரத்துக்குள் அந்த நுண்வாயு கசிந்து புகுந்துவிடும்; அறையின் அழுத்தம் குறையும்போது அது வெளியேற வழியில்லாவிட்டால் கண்ணாடி தெறித்துவிடலாம். பொழுதுபோக்காக முக்குளிக்கும் யாருக்கும் இந்நிலை வராது. பெலாகோஸ் 39 அந்த வால்வைக் கைவிட்டது சரியான முடிவு.

அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தால் முதற்கேள்வி தடிமன். பெலாகோஸ் 39 பன்னிரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சப்மரைனர் பன்னிரண்டரையை ஒட்டியது. சீமாஸ்டர் பதின்மூன்றரையைத் தாண்டும். ஃபிஃப்டி ஃபாதம்ஸ் பதினைந்துக்கும் மேல். கடைசியானது முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டிக்குள் நுழையாது. பெலாகோஸ் டைட்டானியத்தால் ஆனதால் எஃகுக் கடிகாரங்களைவிட மிக இலேசாக இருக்கிறது. அந்த உலோகத்தில் கீறல் எளிதாக விழும் என்றாலும், மங்கலான மேற்பரப்பு அதை மறைத்துவிடுகிறது. சப்மரைனரின் பளபளக்கும் பக்கவாட்டில் முதற்கீறல் விழும் நாளை அதன் உரிமையாளர் மறக்கமாட்டார்.

துல்லியத்தில் ஒமேகா நாளொன்றுக்கு 0 முதல் +5 நொடி வரை, ரோலெக்ஸ் முன்பின்னாக 2 நொடி என்று உறுதி சொல்கின்றன. கடலுக்குள் இது பொருட்டே அன்று: நாளுக்கு 6 நொடி பிழைக்கும் கடிகாரம் 50 நிமிட முக்குளிப்பில் கால் நொடிகூடப் பிழைக்காது. காந்தம் வேறு கதை. கைப்பை மூடிகள், ஒலிபெருக்கிகள், மடிக்கணினிகள் நிறைந்த அன்றாட வாழ்வில் 15,000 காஸ் அளவுள்ள காந்தப்புலம் வரை தாங்கும் ஒமேகாவின் இயந்திரம் உண்மையான பயனுடையது. டைவ் கடிகாரத் தரம் கேட்பது ஏறத்தாழ 60 காஸ் மட்டுமே. ஒருமுறை சாவி நிறைந்தால் ஒமேகா 55 மணி நேரமும், ரோலெக்ஸும் டியூடரும் ஏறத்தாழ 70 மணி நேரமும், பிளாங்பான் ஐந்து நாளும் ஓடும்.

தேதியைப் பற்றி ஒரு சிறு முணுமுணுப்பு. தேதி காட்டும் கடிகாரத்தில் ஆண்டுக்கு ஐந்து முறை, 31 நாள் இல்லாத ஒவ்வொரு மாத முடிவிலும், திருகுமுடியைக் கழற்றித் தேதியைத் திருத்தவேண்டும். கடிகாரத்துக்குள் நீர் புக முக்கியமான வழியே அந்த முடி சரியாக இறுக்கப்படாமல் இருப்பதுதான் என்னும்போது, அதைத் திறக்கும் தேவை குறைவது நல்லது. நான் சப்மரைனரில் தேதியில்லாததைத் தேர்ந்ததும் இதனால்தான். பெலாகோஸ் 39-இலும் தேதி இல்லை.

என் கணக்கில், உண்மையாகவே கடலுக்குப் போகப்போகிற ஒற்றைக் கடிகாரம் பெலாகோஸ் 39. வாரத்தில் ஆறு நாள் அலுவலகம், எப்போதாவது நீச்சல்குளம் என்று வாழ்கிறவருக்குச் சீமாஸ்டர் பொருந்தும், 20 மி.மீ. வார்கள் எங்கும் கிடைப்பதால் பட்டையை மாற்றி மாற்றி அணியலாம், பெலாகோஸ் 39-க்கும் சப்மரைனருக்கும் தேவைப்படும் 21 மி.மீ. வாரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கருவி என்ற அளவில் சப்மரைனர் நான்கிலும் நிறைவானது. ஆனால் காத்திருப்புப் பட்டியலில் நின்று வாங்கிய பிறகு, கூட்டமான பேருந்திலும் படகிலும் அதை அணிய மனம் வராமல் பெட்டியில் பூட்டி வைப்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம். ஃபிஃப்டி ஃபாதம்ஸை அதன் வரலாற்றின்மேல் காதல் கொண்டவர் வாங்கலாம்; காதலுக்கு ஒப்பீட்டு அட்டவணை உதவாது. 2024-இல் டைட்டானியத்திலும் தங்கத்திலும் வந்த 42 மி.மீ. வடிவம் சிறிய மணிக்கட்டுக்காரருக்குக் கொஞ்சம் இணங்கி வருகிறது.

எதை வாங்கினாலும், கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் ஊறவைத்து, வளையத்தைச் சில சுற்றுகள் திருப்பிக் கழுவினால்தான் அடியில் தங்கிய உப்பும் மணலும் வெளியேறும். முகப்பில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளுக்கு உரியது; உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் வெயிலிலும் சோப்பிலும் வெந்நீரிலும் ஆண்டுக்கு ஆண்டு இறுகிப்போகின்றன. முக்குளிப்பவர் ஆண்டுக்கொருமுறை அழுத்தச் சோதனை செய்துகொள்ளவேண்டும். பழைய கடிகாரத்தைக் கைமாற்றாக வாங்கியவர் அந்தச் சோதனை முடியும்வரை அதைக் கைகழுவும் நீருக்குக்கூடக் காட்டாமல் இருப்பது நல்லது.