3,400 டாலர் போச்சு: 'டிரென்ச் கன்' என்று வரும் வின்செஸ்டர் 97-ஐ நம்பிவிடாதீர்கள்

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கும் நம்ம ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு ஆன்லைன் ஏலத் தளத்தில் 'முதல் உலகப் போர் பாணி டிரென்ச் கன், வின்செஸ்டர் மாடல் 1897, அமெரிக்க ராணுவ முத்திரையுடன்' என்று போட்டிருந்தார்கள். டிரென்ச் கன் என்றால் பதுங்குகுழிச் சண்டைக்கான குட்டைப் பீப்பாய் ஷாட்கன். 3,400 டாலர். வந்து சேர்ந்தது வாத்து சுடும் சாதாரண 97. பீப்பாயை 20 அங்குலத்துக்கு அறுத்து, துளைத் தகடு மாட்டி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறான்.

விற்றவன் ஒன்றும் தெரியாதவன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பீப்பாய்க்கு மேல் வரும் வெப்பத் தகட்டில் 6 வரிசைத் துளைதான் பழசு, 4 வரிசை 1942 வாக்கில் வந்தது என்று போனில் அவனே பாடம் எடுத்தான். சொன்னது சரிதான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்ற நம்பிக்கை வந்ததே அங்கேதான். அந்தத் தகட்டைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள், யாரும் வாங்கி மாட்டலாம். துப்பாக்கியின் உடலான ஃபிரேமைப் பற்றி மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. முதல் போரின் 97 டிரென்ச் கன் சாலிட் ஃபிரேம், அதாவது இரண்டாகக் கழற்ற முடியாதது. இரண்டாகக் கழற்றும் டேக்டவுன் வகை இரண்டாம் போருக்குத்தான் போனது. இதில் ரிசீவரின் (பீப்பாய் பொருந்தும் நடுப்பகுதி) முன்பக்கம் டேக்டவுன் இணைப்பு பளிச்சென்று தெரிகிறது. ஏலப் படங்களில் சரியாக அந்த இடத்தை மறைத்துத் தோல் வார் தொங்கியது!

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மிச்சமும் வெளியே வருகிறது. ரிசீவர் முழுக்கப் பழுப்பேறிக் கிடக்க, ராணுவத்தின் தீக்குண்டு முத்திரையின் பள்ளமும் 'யு.எஸ்.' எழுத்தின் பள்ளமும் மட்டும் வெள்ளையாக மின்னுகின்றன, அதாவது அண்மையில் குத்தியவை. பீப்பாயில் சோக் எழுத்து (பீப்பாய் முனை எவ்வளவு குறுகல் என்று சொல்லும் குறி) இருக்கும் இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறான். அதிகக் குறுகலைக் காட்டும் 'ஃபுல்' என்ற எழுத்துகளின் அடித்தடம் இன்னும் தெரிகிறது. நிஜ டிரென்ச் கன்னில் அங்கே குறுகலே இல்லை என்று காட்டும் 'சிலிண்டர்' என்பதன் சுருக்கம்தான் இருக்கும். பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் பகுதியின் திருகுகள் உட்கார பீப்பாயின் அடியில் வெட்டுகள் வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை, பிடித்து ஆட்டினால் மொத்தமும் ஆடுகிறது.

கேட்டால், "படம் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" துப்பாக்கி எந்த வடிவில் தயாரானது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்று சொல்லும் 'தொழிற்சாலைக் கடிதம்' வாங்கித் தருகிறேன் என்று கொஞ்ச நாள் இழுத்தான். அந்தப் பதிவேடுகள் இருக்கும் வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகர அருங்காட்சியகத்தில் இந்த மாடலுக்கான பதிவேடு 3,77,999 என்ற வரிசை எண்ணோடு முடிகிறது. போர்க்காலத் துப்பாக்கிகளோ 6 லட்சத்துக்கு மேல். வராத கடிதம் அது. தளத்துக்காரர்கள் பதில் இன்னும் அழகு: தலைப்பில் 'பாணி' என்று இருக்கிறதாம், 3 நாள் பரிசோதனைக் கெடு முடிந்துவிட்டதாம். 3,400 டாலருக்கு இரண்டு வரி மின்னஞ்சல்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ரிசீவரின் முன்பகுதி, சோக் எழுத்து, பீப்பாயின் அடிப்பக்கம், மூன்றுக்கும் கிட்டத்துப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். துப்பாக்கியை உங்களிடம் ஒப்படைக்கும் உரிமம் பெற்ற டீலர் கைக்கு அது வந்த நாளிலிருந்தே பரிசோதனைக் கெடு ஓடும். அங்கேயே தகட்டைக் கழற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைப் பெற்றுக்கொள்வதற்கான 4473 அரசுப் படிவத்தில் கையெழுத்து. துப்பாக்கியின் மரக்கட்டையில் 'ஜி.எச்.டி.' முத்திரையோடு 'முதல் போர்' துப்பாக்கி வந்தால் தொடவே வேண்டாம். அது கை எச். டிரூரி (Guy H. Drewry) என்ற ராணுவ அதிகாரியின் முத்திரை, அவர் ஆய்வுப் பொறுப்புக்கு வந்ததே 1942-இல்.