பீடரா, கண்ணாடியா, மொபைலா: எந்தத் தாளை எதில் ஸ்கேன் செய்வது?

வீட்டுக் கடனுக்கோ வழக்குக்கோ ஒரு கட்டுக் காகிதத்தை ஸ்கேன் செய்யப் போனால் அதில் எல்லா ரகமும் இருக்கும். மடிப்பு விட்டுப்போன பழைய முத்திரைத்தாள் பத்திரம், நேற்று பிரிண்ட் எடுத்த வில்லங்கச் சான்று, லேமினேட் செய்த மதிப்பெண் பட்டியல், சுருண்ட கடை ரசீது. அவசரத்தில் அத்தனையையும் பீடரில், அதாவது தாள்களை ஒவ்வொன்றாகத் தானே இழுத்துக்கொள்ளும் மேல்தட்டில், செருகிவிடுகிறோம். பத்திரம் கிழிவது அங்கேதான்.

வேகத்துக்கு பீடர்தான், சந்தேகமே இல்லை. 75, 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ4 தாள், எல்லாம் ஒரே அளவு, மடிப்பில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதில் போடலாம். ஆனால் முன்வேலை அதிகம் கேட்பதும் அதுதான். ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் பிய்க்காமல் ரிமூவரால் எடுக்க வேண்டும். கிழிந்த மூலை ரோலரில் மாட்டும். மழைக்காலத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டிரண்டாகப் போகும், அதனால் தாள் அடுக்கை விசிறிபோல் விரித்து உதறிவிட்டு வையுங்கள்.

ஒயிட்னர் பூசிய தாள் நன்றாகக் காயாமல் பீடருக்குப் போகவே கூடாது. பீடரில் தாள்தான் நகரும். படிக்கும் சென்சார் ஓரிடத்தில் நிற்கும். ஓரத்தில் இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் துளி ஒயிட்னர் ஒட்டினால், அடுத்து வரும் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை கோடு விழும். மூடியைத் திறந்து தாளைக் கவிழ்த்து வைக்கும் பெரிய கண்ணாடியில் தாள் அசையாது, விளக்குதான் நகரும். அங்கே அதே அழுக்கு வெறும் புள்ளி. நகலில் கோடு வந்தால் முதலில் அந்தப் பட்டையைத் துடையுங்கள்.

மூலப் பத்திரம் என்றால் என் பதில் ஒன்றே: கண்ணாடி. பல வருடம் மடித்தே வைத்த தாளில் மடிப்புக் கோட்டில் நார் அறுந்திருக்கும். ரோலர் இழுத்தால் அங்கேதான் விடும். ஒரே சிக்கல் நீளம். சின்ன மெஷின்களின் கண்ணாடி பெரும்பாலும் ஏ4, அதாவது 297 மி.மீ. லீகல் சைஸ் 356 மி.மீ. அடியில் இருக்கும் கையெழுத்து வெட்டுப்படும். அதற்காக பீடருக்குத் தாவ வேண்டாம், ஏ3 கண்ணாடி உள்ள ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போங்கள். பின்பக்கம் சார்பதிவாளர் முத்திரை இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். அது முன்பக்கத்தில் ஊடுருவித் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். ஸ்கேன் கலரில், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி). கறுப்பு வெள்ளையில் மங்கிய ஊதா முத்திரை காணாமலே போகலாம்.

மொபைல்? கடை ரசீதுக்குச் சரி. ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்தால் போதும். (ரசீதை லேமினேட் செய்துவிடாதீர்கள், வெப்பத்தில் கறுத்துவிடும்.) லேமினேட் செய்த மதிப்பெண் பட்டியல் மொபைலில் பளபளக்கும், பீடரில் சிக்கும்; அதுவும் கண்ணாடிக்கே. நில அளவைப் புலப்படத்தை மட்டும் மொபைலில் எடுக்கவே எடுக்காதீர்கள். அது அளவுத்திட்டப்படி வரைந்தது. கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் கோடுகளின் விகிதம் மாறிவிடும், ஆப் அதை நேராக்கிக் காட்டினாலும் நம்ப முடியாது.

எல்லாம் முடிந்ததும் பக்கங்களை எண்ணிச் சரிபாருங்கள். பத்திரத்தைத் திரும்பச் சேர்க்கும்போது புதுப் பின் அடிக்காமல் பழைய துளையிலேயே நூல் டேக் கோத்துவிடுங்கள்.